அட்லஸ் தையலில் விழுந்த ஊர்

எனக்கு இடது வலது இன்னைக்கும் சட்டுன்னு வராது. சோத்துக்கை எதுன்னு மனசுக்குள்ள ஒருவாய் துன்னு பாத்துட்டுதான் வலது பக்கம்னு சொல்லுவேன். இந்த அழகுல இருந்துக்கினு முப்பது வருஷத்துக்கு மேல லாரிங்களுக்கு ரூட்டு போட்டேன். சிரிக்காதீங்க. திருப்பதியில நான் வேலை பாத்த லாரி ஆபீசுல என்னைக் கேக்காம ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது.

இப்ப அங்க ரூட்டு போடறது போனு. என் சீட்டுல உக்காந்திருக்கற பொண்ணு பேரு லாவண்யா. போன வாரம் வீட்டுக்கு வந்தா. கார்வேட்டிநகரம் பக்கம் புது ரோடு போட்டுக்கினு இருக்காங்களே, அங்க ஒரு வண்டியை அந்தப் போனு வயக்காட்டுல கொண்டுபோய் இறக்கிட்டுதாம். மேப்பே இல்லாம நீங்க எப்படி ஆன்ட்டி சமாளிச்சீங்கன்னு பாதி தெலுங்கு பாதி தமிழ்ல கேட்டா. மேப்பு இல்லாமயா? மேப்பு இருந்ததாலதான்டி எனக்கு அத்தனை வம்பும்னேன். அப்ப அதை எழுதிக் குடுங்க, ஆபீசு குரூப்புல போடறேன்னா. எழுதறேன். எழுதி முடிச்சா எனக்காவது புரியுதான்னு பாக்கலாம்.

நான் நகரிக்காரி. நைனா தறிக்காரரு. டைப்பிங் பாஸ் பண்ணிட்டு, பில்லு அடிக்கத்தான் அந்த ஆபீசுல சேந்தேன். ரூட்டு போட்டுக்கினு இருந்தவரு கண்ணு ஆபரேஷனுக்குப் போனாரு, திரும்பி வரவேயில்ல. ஒரு நாள் காலையில மேனேஜர் நாதமுனி சாரு வந்து, பெரிய ரோடு அட்லஸு ஒண்ணை என் டைப்ரைட்டர் மேலயே வெச்சாரு. இனிமே இது உன்னுதுன்னாரு. ஏன் எனக்குன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. இன்னை வரைக்கும் தெரியாது.

அந்த அட்லஸைப் பாத்து நான் முழிச்ச முழி இருக்கே! மாநிலத்துக்கு ஒரு மேப்பு, ரெண்டு தாளை விரிச்சா ஒரு மேப்பு. நம்ம பக்கத்துல எல்லைக்கோடு வரைக்கும் ஊரும் ரோடும் நெருக்கியடிச்சுக்கினு இருக்கும். கோட்டைத் தாண்டினா வெறும் வெள்ளைக் காயிதம். எங்க வீட்டுக் கொல்லையைத் தாண்டி கொஞ்ச தூரம் நடந்தா தமிழ்நாடு. அங்க என் சித்தி குடும்பமே இருக்குது. அட்லஸுல பாத்தா மனுஷ வாசனையே கிடையாது. சரின்னு தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்தா அங்க நாங்க இல்ல. சித்தூரு மூணு மாநிலம் முட்டிக்கற மூலையில கிடக்குதா, பெங்களூருக்கு ஒரு வண்டி அனுப்பணும்னா மூணு பக்கத்துலயும் விரலை நுழைச்சு வெச்சிக்கினு படிக்கணும். நடுவுல போன் அடிச்சா எடுக்கக் கை இருக்காது.

இன்னொரு தொல்லை. எங்க ஊர்ல மேலாண்டன்னா மேற்கு, கீழாண்டன்னா கெழக்கு. புஸ்தகம் போட்டவன் வடக்கைக் கொண்டுபோய் மேல வெச்சிட்டான். அதனால நான் அட்லஸைப் படுக்க வெச்சுதான் பாப்பேன். நாதமுனி சாரு அந்தப் பக்கம் வந்தா அதை நேராத் திருப்பி வெச்சிட்டுப் போவாரு. அவரு தலை மறைஞ்சதும் நான் மறுபடி படுக்க வெப்பேன்.

தூரம் பாக்க அவரு ஒரு முறை வெச்சிருந்தாரு. நைனாகிட்டேருந்து தறிக்குப் போடற பாவு நூல் கொண்டான்னாரு. கஞ்சி போட்ட நூல் வெறைச்சிக்கினு நிக்கும், வளைவுல படியாது. கஞ்சியே போடாதது வழுக்கும். கஞ்சி போட்டு ஒரு தண்ணி அலசின நூல்தான் வேணும்பாரு. அந்த நூலோட ஒரு முனையைக் கெளம்பற ஊர்ல நகத்தால அழுத்திப் புடிச்சு, ரோட்டுக் கோட்டு மேலயே வளைவு வளைவா படிய வெச்சு, போய்ச் சேர்ற ஊர்ல கிள்ளிப் புடிக்கணும். அப்புறம் நூலை நேரா இழுத்து, பக்கத்துக்கு அடியில போட்டிருக்கற அளவுக்கோட்டுல வெச்சுப் பாக்கணும். மலைப்பாதை வந்தா ஒரு விரக்கடை கூட்டிக்கணும். வேர்த்த கையால தொட்டா நூல் இழுபடும்னு என்னைக் கையைத் தொடைச்சிக்கினு வரச் சொல்லுவாரு.

இடது வலது சொல்ற பழக்கம் அவருக்கும் கிடையாது. காலையில கெளம்பறான், வெயிலு ட்ரைவர் மூஞ்சியில அடிக்குதா, முதுகுல அடிக்குதா, அதைச் சொல்லும்பாரு. மத்தியானம் கெளம்பினா என்ன சார் பண்றதுன்னு ஒரு தடவ கேட்டேன். கண்ணாடி வழியா என்னைப் பாத்துட்டு, மத்தியானம் சோறு துன்னுட்டுத் தூங்குவான்னாரு. மனுஷன் சிரிக்கவே மாட்டாரு. ஜோக்கா நெசமான்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள போயிட்டாரு.

நூல் வெச்சுப் பாத்த பிறகு போன். வழியில இருக்கற டீக்கடை, பெட்ரோல் பங்கு, போஸ்ட் ஆபீசு, யாரு கிடைச்சாலும் மூணு கேள்வி. பாலம், சந்தை, சாமி. பாலம் சரியா இருக்குதா, சந்தை என்னைக்கு, சாமி எதுவும் ரோட்டுக்கு வருதா? இந்த மூணும் அட்லஸுல இருக்காது. அதோட ஆபீசுல ஒரு சட்டமும் இருந்துச்சு. ரூட்டு யாரு போட்டாங்களோ, அவங்கதான் ட்ரைவருக்குப் பதில் சொல்லணும். வழியில வண்டி நின்னுச்சுன்னா மேனேஜர்கிட்ட போய் நிக்கக் கூடாது.

ட்ரைவருங்கள்ல முனிரத்தினம் அண்ணனைப் பத்திச் சொல்லணும். சித்தூருக்காரரு, ட்ரெய்லர் ஓட்டுவாரு. பொம்பள என்ன ரூட்டு சொல்றதுன்னு மத்தவங்க பீடியைப் பத்த வெச்சிக்கினு வெளிய போயிடுவாங்க. இவரு மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, சரிம்மான்னு சொல்லிட்டுப் போவாரு. அவருகிட்ட எனக்குப் புடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். வருஷம் தவறாம மே மாசத்துல எட்டு நாள் லீவு கேப்பாரு. மாங்கா சீசன் ஆரம்பிக்கற நேரம், வண்டிக்கு ஆள் கிடைக்காம நான் தலையைப் பிச்சிக்கினு இருப்பேன். அப்ப வந்து நிப்பாரு. இந்தப் பழக்கம் அவருக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்றதுதான் நான் சொல்ல வந்த கதை.

ஒரு மே மாசம் சித்தூரு பக்கத்துல ஒரு மாங்கா ஜூஸ் பேக்டரிக்கு மெட்ராஸ்லேந்து புது பாய்லர் வரணும். ராணிப்பேட்டை வழியா வர்றதுதான் வழக்கம். போன் போட்டுக் கேட்டா, அந்த வழியில ஒரு ஆத்துப் பாலத்துல வேலை நடக்குது, இத்தனை கனத்தை விட மாட்டோம்னுட்டாங்க. திருத்தணி, நகரி, புத்தூரு, கார்வேட்டிநகரம்னு சுத்தி ரூட்டு போட்டேன். மறுபடி மூணு கேள்வி. பாலம் சரி, சந்தை இல்ல. சாமி மட்டும் ஒண்ணு இருந்துச்சு. கார்வேட்டிநகரத்துக்கு அப்புறம் ரோட்டோரமா ஒரு சின்ன ஊரு, பேரு வேணாம். அங்க கங்கம்மா ஜாத்திரைக்குச் செவ்வாக்கிழமை ராத்திரி சாட்டறாங்கன்னாங்க. நம்ம வண்டி திங்கக்கிழமை பகல்லயே தாண்டிடும். நாதமுனி சாரு அட்லஸைத் திருப்பி வெச்சுப் பாத்தாரு. நூலை எடுக்கல. சரின்னாரு. அவரு நூல் வெச்சு சரிபாக்காம விட்ட மொத ரூட்டு அதுதான்.

சாட்டறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஜாத்திரைக்கு முன்னாடி தப்பு மேளம் அடிச்சிக்கினு, மஞ்சத்தண்ணி தெளிச்சிக்கினே ஊர் எல்லையைச் சுத்தி வருவாங்க. அன்னைக்கு ராத்திரி எல்லைக்குள்ள படுத்தவங்க ஜாத்திரை முடியற வரைக்கும் வெளிய போவக் கூடாது. சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்களா இருந்தாலும் மாட்டினா மாட்டினதுதான். தாண்டினா ஆத்தா கோவம் குடும்பத்து மேல வரும்பாங்க. திருப்பதியிலயும் சாட்டறாங்க. டவுன்ல யாரு கணக்குப் பாக்கறாங்க? அந்த மாதிரி ஊருங்கள்ல அப்படி இல்ல.

திங்கக்கிழமை சரியா அந்த ஊர் எல்லைக்கல்லுகிட்ட வண்டிக்கு ரெண்டு டயரு வெடிச்சுது. அந்த சைஸு டயரு வந்து சேர செவ்வாக்கிழமை சாயங்காலம் ஆயிடுச்சு. மாட்டி முடிக்க இருட்டிப் போச்சு. இத்தனை கனத்தோட இருட்டுல வேணாம்னு முனிரத்தினம் அண்ணன் கேபின்லயே படுத்துட்டாரு. அன்னைக்கு ராத்திரிதான் சாட்டினாங்க.

புதன்கிழமை காலையில நான் ஆபீசுக்கு வந்தா, வாசல்ல அவரு மச்சான் நிக்கறாரு. அண்ணன் பொண்டாட்டி காந்தம்மாவுக்கு வலி எடுத்து இங்க திருப்பதி பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. மொதல் பிரசவம். கொழந்தை திரும்பிக் கிடக்குது, ஆபரேஷன் பண்ணாலும் பண்ணுவோம்னு டாக்டரு சொல்லிட்டாங்க. அக்கா மாமா பேரையே சொல்லி அழுவுது, உடனே வரச் சொல்லுங்கன்னாரு. அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. முனிரத்தினம் அண்ணன்தான். சாட்டிட்டாங்கம்மா, இப்ப நான் என்ன பண்றதுன்னு கேட்டாரு. காந்தம்மா விஷயத்தைப் போன்ல சொல்லல. நானே வரேன்னு சொல்லி வெச்சிட்டேன்.

நாதமுனி சாருகிட்ட ஓடினேன். முழுசும் கேட்டாரு. நீ போட்ட ரூட்டு, போய்ப் பதில் சொல்லிட்டு வாம்மான்னாரு.

பஸ் ஏறினப்புறம்தான் பாக்கறேன், மடியில அட்லஸு. எதுக்கு எடுத்துக்கினு வந்தேன்னு எனக்கே தெரியல. புத்தூர்ல எறங்கி வேற பஸ் மாறி, அந்த ஊருக்குப் போய்ச் சேந்தேன். கோயில் யானையைப் படுக்க வெச்சா மாதிரி பாய்லரு ட்ரெய்லர் மேல கிடந்துச்சு. ஊரு ரோட்டுக்கு ஒரு பக்கம், வண்டியும் அதே பக்கம் ரோட்டோரமா கல்லை ஒட்டி நிக்குது. அண்ணன் டயரு மேல உக்காந்திருந்தாரு. சோத்துக்கையில துண்டைச் சுத்தியிருந்தாரு. டயரு மாட்டறப்ப அடிபட்டிருக்கும்னு நெனச்சேன். காந்தம்மா விஷயத்தைச் சொன்னேன். திரும்பிக் கிடக்குதாமான்னு ஒரு தடவ கேட்டாரு.

ஊர்ப் பெரியவங்க நல்லவங்கதான். வந்ததும் எனக்கு மோர் குடுத்தாங்க. எல்லாருக்கும் மூத்தவரு ஒருத்தரு நிதானமாச் சொன்னாரு. நாங்க யாரும் கயித்தால கட்டி வெக்கலம்மா, போறதுன்னா போவட்டும், அங்க பிரசவத்துல ஒண்ணுன்னா எங்க மேல சொல்லக் கூடாது, அவ்வளவுதான்னாரு. அந்தப் பேச்சுதான் அண்ணனை ஆணி அடிச்சா மாதிரி உக்கார வெச்சிட்டுது. போவலன்னா காந்தம்மா தனியாக் கெடந்து தவிக்கணும். போனா ஆத்தா கோவம் அதே காந்தம்மா மேலயும் அந்தக் கொழந்தை மேலயும்தான் வரும்.

அப்ப யாரோ ஒரு கேள்வியைக் கெளப்பினாங்க. வண்டி கல்லை ஒட்டித்தானே நிக்குது, அது எல்லைக்கு உள்ளயா, வெளியவா? மஞ்சத்தண்ணி தெளிச்ச ஏழுமலையைக் கூப்பிட்டாங்க. வண்டிக்கு ரோட்டுப் பக்கமா சுத்திப் போயிருந்தா வண்டி உள்ள. ஊர்ப் பக்கமா போயிருந்தா வண்டி வெளிய. ஏழுமலை தலையைச் சொறிஞ்சிக்கினாரு. ஆத்தாவை நெனச்சிக்கினு கண்ணை மூடிக்கினு போனேன், பெருசா ஒண்ணு நின்னுச்சு, சுத்திக்கினு போனேன்னாரு. எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு ரோட்டுப் பக்கம்னாரு. இல்ல இல்ல, எதுத்தாப்புல லாரி வெளிச்சம் வந்துச்சு, ஊர்ப் பக்கமா ஒதுங்கிட்டேன்னாரு. கேக்கக் கேக்க ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொன்னாரு. ரோட்டுல போய்ப் பாத்தா தண்ணி காஞ்சு, வண்டிங்க ஓடி, ஒரு தடமும் இல்ல.

பெரியவரு என் மடியைப் பாத்தாரு. அதென்னம்மா புஸ்தகம்னாரு. ரோடு, ஊருங்க எல்லாம் போட்ட மேப்புன்னேன். அப்ப எங்க ஊரைக் காட்டுன்னாரு. திறந்தேன். ரோட்டுக் கோடு கார்வேட்டிநகரத்துலேந்து வளைஞ்சு வருது, நேரா ரெண்டு தாள் சேர்ற எடத்துக்குப் போவுது, மறைஞ்சிடுது. ஊரு சரியா தையல்ல விழுந்திருக்குது. பழக்கதோஷத்துல அட்லஸைப் படுக்கப் போட்டேன். அத்தனை பேரும் தலையை அதுமாதிரியே சாய்ச்சாங்க. நான் ரெண்டு தாளையும் புடிச்சு இழுத்தேன், தையல் நூல் பட்டுன்னு அறுந்துச்சு. உள்ள பாதிப் புள்ளி ஒண்ணு இருந்துச்சு, மீதிப் பாதியைக் காணோம். அது ரோட்டுக்கு எந்தப் பக்கம்னு சத்தியமா எனக்குத் தெரியல.

முனிரத்தினம் அண்ணன் அப்பதான் எழுந்து வந்தாரு. அட்லஸைப் பாக்கல, பெரியவங்களைப் பாக்கல.

"ரூட்டு போட்டது நீங்க கஸ்தூரிம்மா. நீங்களே சொல்லுங்க. நான் உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?"

எல்லாரும் என்னையே பாத்தாங்க. கல்லைப் பாத்தேன், பாய்லரைப் பாத்தேன், கையில பிரிஞ்சு கிடந்த தாளைப் பாத்தேன். எது நெசம், எதைச் சொன்னா யாருக்கு என்ன ஆவும், ஒண்ணும் ஓடல. எந்தக் கை சோத்துக்கைன்னு யோசிச்சுச் சொல்ற என்னைப் போய்க் கேக்கறாரேன்னு இருந்துச்சு.

"வெளிய இருக்கீங்கண்ணா. வாங்க, பஸ் புடிப்போம்."

பெரியவங்க ஒதுங்கி வழி விட்டாங்க. பஸ்ஸுல அவரு முன் சீட்டுல உக்காந்தாரு. திருப்பதி வர்ற வரைக்கும் துண்டை அவுக்கல. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடறப்பக் கூட அவுக்காம, விரல் நுனியால பேனாவைப் புடிச்சுப் போட்டாரு. ஆபரேஷன்தான் பண்ணாங்க. பொண்ணு பொறந்துச்சு. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்கன்னு நர்ஸம்மா வந்து சொன்னப்ப அவரு செவுத்தோரமா உக்காந்து குலுங்கி அழுதாரு. பொண்ணுக்கு கங்கான்னு பேரு வெச்சாங்க. பாய்லரை அன்னைக்கே வேற ட்ரைவரு போய் எடுத்துக்கினு போயிட்டாரு.

மறுநாளு நாதமுனி சாரு கேட்டது ரெண்டே கேள்வி. என்ன சொன்ன? வெளியன்னு சொன்னேன் சார். ஏன்? தெரியல சார். மேஜை மேல அட்லஸு படுக்க வெச்சிருந்துச்சு. அன்னைக்கு அதை அவரு நேராத் திருப்பல. அதுக்கப்புறம் எப்பவுமே திருப்பல.

அதுக்கு அடுத்த மே மாசத்துலேந்துதான் அந்த எட்டு நாள் லீவு. எங்க போறீங்கண்ணான்னு கேட்டா, ஒரு வேலை இருக்குதும்மாம்பாரு. நானும் சும்மா விட மாட்டேன். மாங்கா சீசன்ல ட்ரைவரு லீவு கேக்கறது, தாலி கட்டற நேரத்துல மாப்பிள்ள லீவு கேக்கறா மாதிரி இருக்குதுன்னு கத்துவேன். மாமியா வீட்டு விருந்து கேக்குதான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டிருக்கேன். தலையைக் குனிஞ்சிக்கினே சிரிப்பாரு. ஆனா போயிடுவாரு. நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் இந்தச் சண்டை ஓயல.

போன வருஷம் ஜூன் மாசம் வீட்டுல வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு உடைஞ்சுது. புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போலாம்னான், நான் எலும்புக்கட்டுக்குப் புத்தூருக்குத்தான்னு அடம் புடிச்சேன். மூங்கில் பத்தை வெச்சு, முட்டையில நனைச்ச துணியைச் சுத்திக் கட்டு போட்டு அனுப்பினாங்க. மூணு நாளு கழிச்சு முனிரத்தினம் அண்ணன் வந்தாரு. கங்காதான் கையைப் புடிச்சுக் கூட்டிக்கினு வந்தா. அவருக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு. உக்காந்து என் கட்டையே பாத்துக்கினு இருந்தாரு. அன்னைக்கு நான் துண்டு சுத்தினா மாதிரியே இருக்குதும்மான்னாரு. ஆமா, டயருல அடிபட்டு சுத்தியிருந்தீங்களேன்னேன்.

அடியே படலம்மான்னாரு.

புழுக்கம் தாங்காம ஜன்னல் வழியா கையை வெளிய போட்டுக்கினுதான் அன்னைக்குப் படுத்திருந்தாராம். கை மேல சில்லுன்னு என்னவோ விழுந்து முழிச்சுக்கினு பாத்தா, மஞ்சத்தண்ணி. ஏழுமலை அவரு ஜன்னலோரமா போய்க்கினு இருக்காரு. ட்ரைவர் சீட்டுப் பக்கம், ரோட்டுப் பக்கம். அப்ப வண்டி உள்ள. அது அவருக்குத் தெள்ளத்தெளிவாத் தெரியும். கையில மஞ்சள் தெரியக் கூடாதுன்னுதான் துண்டைச் சுத்திக்கினாரு.

அப்புறம் என்னை ஏன் கேட்டீங்கன்னேன். எனக்குக் கோவமா வந்துச்சா, பயமா வந்துச்சா, தெரியல.

"எனக்குப் போவணும்மா. தெரிஞ்சே தாண்டினா பழி காந்தம்மா மேல போவும். தெரியாதவங்க யாராவது போன்னு சொன்னா போயிடலாம்னு பட்டுது. நீங்க சொன்னீங்க, வந்தேன். கொழந்தை மூஞ்சியைப் பாத்தப்புறம்தான் சுருக்குன்னுது. அப்ப ஆத்தா கோவம் உங்க மேல திரும்புமேன்னு. அதான் வருஷா வருஷம் சாட்டறதுக்கு முன்னாடி போய் அந்தக் கல்லுகிட்ட அன்னைக்கு மாதிரியே கையை நீட்டிக்கினு படுத்துக்குவேன். ஜாத்திரை முடிஞ்சுதான் வருவேன்."

என் கைக்கட்டு மேல விரலை வெச்சாரு. "இந்த வருஷம் முட்டி விடல, போவ முடியல. உங்க கை உடைஞ்சுடுச்சு. மன்னிச்சுக்கம்மா."

நான் அழுதுட்டேன். ஒரு கையில கட்டு, இன்னொரு கையை அவரு புடிச்சிக்கினு இருக்காரு, கண்ணைத் தொடைக்கக் கூட கையில்ல. கங்காதான் தொடைச்சு விட்டா. எத்தனை வருஷம், எத்தனை பேச்சு பேசியிருக்கேன் அந்த மனுஷனை! கங்கம்மா கோவத்துல எனக்கு நம்பிக்கை இருக்குதான்னு கேட்டா சொல்லத் தெரியல. இத்தனை வருஷம் நல்லா இருந்தது அவரு போய்ப் படுத்ததாலயா, சும்மாவேயா, அதுவும் தெரியல. வழுக்கினது சோப்புத்தண்ணிதான்னு அவருகிட்ட சொன்னேன். அவரு நம்பல.

போன வாரம் லாவண்யா தன் போன்ல அந்த ஊரைத் தேடிக் காட்டினா. இப்ப பேரு, தெரு எல்லாம் பளிச்சுன்னு போட்டிருக்குது. கல்லை மட்டும் காணோம். வர்ற செவ்வாக்கிழமை அங்க சாட்டறாங்கன்னு கங்கா விசாரிச்சுச் சொல்லியிருக்கா. நான் போறேன். திருப்பதியிலேந்து புத்தூரு, புத்தூர்ல பஸ் மாறி அந்த ஊரு. எப்ப வருவீங்கன்னு மருமவ கேட்டா. ஜாத்திரை முடிஞ்சுதான்னு சொல்லிட்டேன்.

முனிரத்தினம் அண்ணனுக்கு நேத்து போன் போட்டேன். கல்லுக்கு எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கணும், எந்தக் கையை நீட்டிக்கணும்னு கேட்டேன். இடது, வலதுன்னு அவரு சொல்லல. முப்பது வருஷமா என் ரூட்டுல ஓட்டினவரு, அவருக்குத் தெரியும்.

சோத்துக்கைன்னாரு.